அரை விரல் இடைவெளி

சொல்தா சூசைராஜ் பாரிசுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் காரைக்காலில் யாருக்காவது எதையாவது கொண்டுவருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஊரில் சொல்தா என்று பட்டம். செண்டு பாட்டில், கைக்கடிகாரம், குழந்தைக்குச் சட்டை என்று பைக்குள் அடங்குகிற சாமான்தான் அதுவரை வந்தது. 1983 பொங்கல் வாரத்தில் மட்டும் அவர் ஒரு மாட்டுவண்டியில் மரப்பெட்டியோடு வந்து, டயர்க் கடை மரியமுத்துவின் வீட்டு வாசலில் இறக்கினார்.

"யோவ் மரியமுத்து, ஒம் மவன் பண்ணுன வேலயப் பாரு. கப்பல்ல போட்டு, மெட்ராஸ்ல எடுத்து, என் இடுப்பு போச்சு. அடுத்த தடவ எதாவது குடுக்குறதுன்னா அவனையே வந்து குடுக்கச் சொல்லு."

"ஒன் இடுப்பு எப்பவோ போனதுதானய்யா. அதுக்கு எம் புள்ளய ஏன் சாட்சிக்கு இழுக்குற?" என்றார் மரியமுத்து. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அந்தப் பதில்களால் அவருக்கு வாழ்க்கையில் ஒரு நன்மையும் நடந்ததில்லை என்பதை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

பெட்டிக்குள், பிரெஞ்சுப் பேப்பரில் சுற்றி, நாலு வீல் இருந்தன. அலுமினிய வீல். புது வெள்ளிக் குடம் மாதிரி மின்னின. கூடவே நாலு வரிக் கடிதம். "அப்பா, நம்ம ஃபியட்டுக்கு. போல்ட் ஓட்டை பொருந்தும், இங்கே இதே மாதிரி ஒரு ஃபியட்டில் வைத்து அளந்துவிட்டேன். ரிம் அகலம் ஆறு அங்குலம். அதற்குத் தகுந்த டயரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். ராஜு."

பதினொரு மாதத்துக்குப் பிறகு வந்த கடிதம் அது.

ராஜு என்கிற அடைக்கலராஜ் பிரான்சுக்குப் போனதற்கு மரியமுத்துவின் ஒரு கையெழுத்துதான் காரணம். அறுபத்திரண்டில், காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விருப்பமுள்ளவர்கள் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கலாம், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுக்கும் இடத்தில் உட்கார பெஞ்சும் தலைக்கு மேல் ஃபேனும் இருந்தன. வெயிலுக்கு ஒதுங்கிய மரியமுத்து, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். அப்போது ராஜுவுக்குப் பத்து வயது. இருபத்தொன்றில் அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு அவன் விமானம் ஏறினான். மீனம்பாக்கத்தில் அவன் அம்மா அற்புதம் அழுதுகொண்டிருக்க, மரியமுத்து மகனிடம், "ஈஃபில் டவர்ல காத்து எறங்கியிருந்தா லெட்டர் போடு, வந்து அடிச்சுடுறேன்" என்றார். பையன் சிரித்தான். அவ்வளவுதான் அப்பனும் மகனும் பேசிக்கொண்டது. நடுவில் எழுபத்தேழில் ஒருமுறை வந்து போனான். பிறகு கல்யாணம், கராஜ் வேலை, இரண்டு குழந்தைகள். கடிதங்களுக்கு இடையே மாதங்கள் கூடிக்கொண்டே போயின.

வந்த வீலுக்கு எந்த டயர் என்று கண்டுபிடிக்க மரியமுத்துவுக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. முப்பது வருஷமாக டயர்க் கடை வைத்திருக்கிறவர். ஃபியட்டில் இருந்த பழைய டயர் ஒல்லி. நாலு அங்குல ரிம்முக்குச் செய்தது. அதை ஆறு அங்குல ரிம்மில் இழுத்துக் கட்டினால், தொந்திக்காரர் தம்பியின் சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டியதுபோல இருக்கும். ஒரு திருப்பத்தில் விளிம்பு கழன்றுகொள்ளும். அகலமான டயர் வேண்டும். ஆனால் அகலம் கூடும்போது உயரமும் கூடிவிட்டால் மட்கார்டில் உரசும், ஸ்பீடாமீட்டரும் தப்பாகக் காட்டும். அகலம் கூட வேண்டும், மொத்த உயரம் பழையபடி இருபத்துநாலு அங்குலத்திலேயே நிற்க வேண்டும். அதற்கு டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருக்க வேண்டும்.

அவர் ஒரு அட்டையை டயர் அளவுக்கு வட்டமாக வெட்டினார். வெறும் வீலை வண்டியில் முடுக்கி, அதன் முகத்தில் அட்டையை வைத்துக் கட்டி, டயரின் பக்கம் எவ்வளவு வெளியே தள்ளும் என்பதற்கு ஒரு தக்கையும் ஒட்டினார். மட்கார்டுக்கும் அட்டைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. சாக்பீஸால் கடைச் சுவரிலும், பேனாவால் அட்டையிலும் எழுதினார்: 185/70, 14. நூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், அதில் நூற்றுக்கு எழுபது பங்கு பக்கச் சுவரின் உயரம், பதினாலு அங்குல ரிம். கடைப் பழக்கத்தில் கீழே தேதியும் போட்டார்: 20-1-83.

அதற்கு மறுநாள்தான் அற்புதத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டினார். அவளுக்குத் தீபாவளியிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ரொம்ப நேரம் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்றார்.

"வால்வுதானே டாக்டர்? நம்ம கடையிலயே நெறைய இருக்கு" என்றார் மரியமுத்து.

டாக்டர் சிரிக்கவில்லை. மரியமுத்துவை வெளியே அழைத்துப்போய், ஒரு வருஷம் போகலாம், போகாமலும் இருக்கலாம், பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்.

டாக்டர் வெளியே சொன்னதை உள்ளே இருந்தபடியே அற்புதம் தெரிந்துகொண்டாள். அன்று மாலையே மாதா கோயிலில் ஜெபமாலையை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"எனக்கு ஒடம்பு முடியலன்னு ராஜுவுக்கு ஒரு எழுத்து எழுதக்கூடாது. சத்தியம் பண்ணுங்க. அவன் பயந்தவன். பச்சப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு அங்க தவியாத் தவிப்பான்."

சத்தியம் பண்ணிவிட்டார். பண்ணிவிட்டு வீடு வரும் வழியில், அவருக்கே பெருமையாக ஒரு யோசனை வந்தது. உடம்பைப் பற்றித்தானே எழுதக் கூடாது? டயரைப் பற்றி எழுதலாமே.

அன்றே எழுதினார். "அன்புள்ள ராஜுவுக்கு, வீல் கிடைத்தது. இதற்கு எந்த டயர் போடுவதென்று எனக்கு விளங்கவில்லை. நீ சொல்." டயர்க் கடைக்காரர் டயர் சைஸ் தெரியவில்லை என்று எழுதியது அதுவே முதல் தடவை. எழுதும்போது கை கூசியது என்று பிற்பாடு அற்புதத்திடம் சொன்னார்.

இருபது நாளில் பதில் வந்தது. இதுவரை அவ்வளவு சீக்கிரம் வந்ததே கிடையாது. "185/70 சரியாக இருக்கும் அப்பா. அங்கே கிடைக்காவிட்டால் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்."

அற்புதம் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "படிங்க, இன்னொரு தடவ."

"நூத்தி எம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கான். இதுல இன்னொரு தடவ படிக்க என்ன இருக்கு?"

"அவன் கையெழுத்துல எம்பத்தஞ்சு எப்படி இருக்கும்னு பாக்கணும், குடுங்க."

மரியமுத்து பதில் எழுதினார். 185 மட்கார்டில் இடிக்கும் போலிருக்கிறது. அட்டை வைத்துப் பார்த்தாயிற்று. அரை விரல் இடைவெளிதான் நிற்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் உரசும். இதெல்லாம் கடிதத்தில் அளக்கிற சங்கதி இல்லை, கண்ணால் பார்த்தால்தான் ஆகும். "கண்ணால் பார்த்தால்தான்" என்ற இடத்தில் கோடு வேறு போட்டார். எழுத வேண்டிய ஒரே சொல் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதை மட்டும் அவரால் எழுத முடியவில்லை. பிள்ளை வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷத்தில் அவர் ஒருநாளும் அவனை வா என்றதில்லை. அவனாக வர வேண்டும் என்று ஒரு வீம்பு. வரமாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று உள்ளூர ஒரு நடுக்கம். வேடிக்கை பேசுகிறவனுக்கு இது ஒரு சாபம்போல. நேராக ஒன்றைக் கேட்க வாய் வராது.

அந்தச் சமயத்தில்தான் ஜெகபர் சாதிக் வந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர், இரண்டு வேன் ஓட்டுகிறவர், மரியமுத்துவின் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. சுவரில் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார்.

"யாருக்குண்ணே இது, நூத்தி எம்பத்தஞ்சு எழுபது? இந்த ஊர்ல இத மாட்டுற ஆளு யாரு?"

"நம்ம ஃபியட்டுக்குத்தான். ராஜு அனுப்புன வீலு."

"அட, சொல்லக் கூடாதா? மச்சான் சிங்கப்பூர்ல டயர்க் கடையிலதானே நிக்கிறான். மே மாசம் கப்பல்ல சாமான் வருது. நாலு போட்டுவிடச் சொல்றேன்."

"வேணாம் சாதிக்கு."

"ஏண்ணே?"

"வேணாம்னா வேணாம்பா. சைஸு இன்னும் முடிவாவல."

"சொவத்துல எழுதி வச்சிருக்கீங்க?"

"சொவருக்கு ஆசயா இருந்திச்சு, எழுதிக்கிச்சு."

சாதிக் பேச்சை விட்டுவிட்டு டீ சொன்னார். டயருக்கு மட்டும் மச்சானுக்கு எழுதிப் போட்டுவிட்டார். மே மாதம் நாலு டயரும் பட்டினத்தில் அவருடைய கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தன. "இப்ப கொண்டாராத. நான் சொல்றப்ப கொண்டா" என்று மட்டும் மரியமுத்து சொல்லிவைத்தார்.

அது பிந்திய கதை. மாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருநாள் மரியமுத்து கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, அற்புதம் கார்க் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மட்கார்டுக்குள் கையை விட்டிருந்தாள்.

"என்னங்க, அரை விரல்னு எழுதினீங்களே, அது யாரு விரலு?"

"ஏன்?"

"எனக்கு ரெண்டு விரல் போவுது."

"ஒன் விரலு வெண்டக்கா. அது எங்க வேணாலும் போவும்."

"சரி, ஒங்க வாழத்தண்ட விடுங்க பாப்போம்."

அவர் விரலை விட்டார். இரண்டும் போயின. அற்புதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் விரலை எடுக்காமலே சொன்னார்: "ராஜு வர்ற வரைக்கும் இது அரை விரல்தான்."

அற்புதத்துக்கு விளங்கிவிட்டது. சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பொய் எழுதிப் புள்ளய வரவழைக்கிறது பாவங்க."

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்."

"சாமியாருக்கு டயர் சைஸு புரியுமா?"

நிறுத்துங்கள் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

ராஜு விடுவதாக இல்லை. அவனும் டயர்க் கடைக்காரர் மகன்தானே. 165 போட்டால் என்ன என்று கேட்டான். ஆறு அங்குல ரிம்முக்கு அது ஒல்லி என்று இவர் எழுதினார், அது நிஜம். 175/70 என்றான். வண்டி குட்டையாகிவிடும், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும் என்று எழுதினார். ஸ்பீடாமீட்டருக்காவது ஒரு மனசாட்சி இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். கேள்விகளுக்கு நடுவே ராஜு வேறு விஷயங்களும் எழுத ஆரம்பித்தான். பெரியவளுக்குப் பல் விழுந்தது. அங்கே பனி. கராஜில் ஒரு போர்த்துகீசியன் இவனைப் போலவே மிளகாய் தின்கிறான். அற்புதம் ஒவ்வொன்றையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் அந்தக் கடிதம் வந்தது.

"அப்பா, நீங்கள் சொல்வது சரி. நேரில் அளந்தால்தான் ஆகும். மே மாதம் பத்து நாள் லீவு எடுக்கலாம். அல்லது ஆகஸ்டில் கராஜே மூடிவிடுவார்கள், ஒரு மாதம் முழுக்க இருக்கலாம். எது சௌகரியம் என்று எழுதுங்கள்."

மரியமுத்து தெருவுக்கே கேட்கிற மாதிரி "அற்புதம்!" என்று கத்தினார். அவள் பயந்து எழுந்து வந்தாள். படித்துக் காட்டியதும், "ஒரு மாசம் முழுக்க இருப்பானாமா?" என்றாள். அந்த வாரம் அவள் முகத்தில் நல்ல தெளிவு. தானே மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். டாக்டர் ஒரு வருஷம் என்றாரே, இன்னும் மூன்று மாதம்தானே ஆகியிருக்கிறது என்று மரியமுத்து விரல்விட்டுப் பார்த்தார். பத்து நாள் எங்கே, ஒரு மாதம் எங்கே. அவளுக்கு ஒரு மாதம் கிடைக்கட்டுமே என்று ஆசைப்பட்டார். மேயில் வா என்று எழுதினால் வயதான காலத்தில் அப்பன் தவிக்கிறான் என்று பிள்ளை நினைத்துக்கொள்வானே என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று அவரே பிற்பாடு பல நாள் யோசித்தார்.

"ஆகஸ்டே சௌகரியம். டயருக்கு என்ன அவசரம், அது எங்கேயும் ஓடிவிடாது" என்று எழுதி, நல்ல வேடிக்கை என்று தானே ரசித்து, ஒட்டித் தபாலில் போட்டார்.

ஜூலை ஏழாம் தேதி மத்தியானம் அற்புதம் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மரியமுத்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

தபாலாபீசில் தந்தித் தாளில் எழுதப் போனபோது அவருக்கு எழுத்து வரவில்லை. கவுண்டரில் இருந்த கோவிந்தராசு எழுந்துவந்து பேனாவை வாங்கிக்கொண்டார். "சொல்லுங்க, நான் எழுதுறேன்." மரியமுத்து சொன்னார்: "அம்மா இறந்துட்டாங்க. ஒடனே வா." கடைசிச் சொல் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து விழுந்ததைக் கேட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அடக்கம். அந்த வெயிலில் அதற்கு மேல் வைத்திருக்க வழியில்லை. ராஜு நாலாம் நாள் காலையில் மெட்ராசிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினான். முன்னந்தலை வழுக்கை விழுந்திருந்தது. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான். மரியமுத்து அவன் முதுகைத் தட்டினார்.

இரண்டு நாள் வருகிறவர்களும் போகிறவர்களுமாகக் கழிந்தது. ஆறாம் நாள் பிற்பகல் வீடு ஓய்ந்திருந்தபோது, மகனைக் காணோமே என்று மரியமுத்து கொட்டகைக்குப் போனார். ராஜு ஃபியட்டின் முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். ஜனவரியில் முடுக்கிய வீலும் கட்டிய அட்டையும் அப்படியே இருந்தன. அவன் கை மட்கார்டுக்குள் இருந்தது.

"ரெண்டு விரல் போவுதுப்பா."

ராஜு அட்டையில் இருந்த எழுத்தைக் காட்டினான்.

"185/70ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஜனவரி இருவதாந் தேதி. அதுக்கப்புறந்தானே எங்கிட்ட சைஸு கேட்டு எழுதினீங்க?"

"ஆமாம்."

"எதுக்குப்பா?"

"ஒங்கம்மாவுக்கு நெஞ்சு சரியில்லன்னு ஜனவரியிலயே தெரியும். ஒனக்கு எழுதக் கூடாதுன்னு ஜெபமால மேல சத்தியம் வாங்கிட்டா. நீயா வந்தா பாத்துக்குவாளேன்னு..."

ராஜு மட்கார்டிலிருந்து கையை எடுத்தான்.

"நோவப் பத்தித்தானே எழுதக் கூடாதுன்னு சொன்னாங்க? வான்னு எழுதக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"மே மாசம் வரட்டுமான்னு கேட்டேனேப்பா. ஒரு வார்த்த. மே மாசமே வாடான்னு ஒரு வார்த்த போட்டிருந்தா, அம்மா மொகத்த உசுரோட பாத்திருப்பேனே."

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மரியமுத்துவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, "தெரியலடா. எனக்கு அது எழுதத் தெரியல" என்றார். தன்னைப் பற்றி வேடிக்கை இல்லாமல் அவர் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

ராஜு எழுந்து கையைத் துடைத்தான். "நாளைக்கு ஏழாம் நாள் பூசை. கல்லறைக்கு இதுலயே போவலாம். டயர் எங்கயாச்சும் கெடைக்குமா?"

"சாதிக் வச்சிருக்காரு."

"எந்த சைஸு?"

மரியமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "அதேதான்."

சொல்லியனுப்பிய ஒரு மணி நேரத்தில் சாதிக் வேனில் நாலு டயரையும் கொண்டுவந்தார். ராஜுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க அம்மாவுக்காக துஆ செஞ்சேன் தம்பி" என்றார். கடையில் அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து, லீவர் கம்பியால் டயரின் விளிம்பை ரிம்முக்குள் தள்ளினார்கள். காற்று ஏறும்போது விளிம்பு ரிம்மில் பொருந்தி 'டொப்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. ஒரே தடவையில், ஒரு பக்கமும் பிதுங்காமல், அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. நாலும் அப்படித்தான்.

மறுநாள் பூசை முடிந்து, கல்லறையில் மாலை போட்டுவிட்டு, ராஜு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. கோட்டுச்சேரி ரோட்டில் விட்டான். மழைக்குப் பெயர்ந்த ரோடு, பள்ளத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் மரியமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் பக்கத்து முன்சக்கரத்தின்மேல் காதை வைத்துக்கொண்டிருந்தார். மட்கார்டில் ரப்பர் தேய்கிற 'சர்'ரென்ற சத்தம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரே ஒரு தடவை அது கேட்டால் போதும். தான் எழுதியதில் ஒரு வரியாவது உண்மையாகிவிடும். மகனிடம், பார்த்தியா, நான் சொன்னேனே என்று சொல்லலாம்.

வாய்க்கால் பாலத்தின் மேட்டில் ஏறி வண்டி தொம்மென்று இறங்கியது. ராஜுவும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைத்து, அப்பாவைப் பார்த்தான்.

"ஒரசலப்பா" என்றான்.

"ஆமாம்" என்றார் மரியமுத்து. "ஒரசல."

கோட்டுச்சேரி தாண்டியும் அது எங்கேயும் உரசவில்லை.